பேனல் அழகா இருக்கு, சரி... சாவி யார் கையில்?

இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வரும் நேரத்தில், நம்ம கல்லூரியின் ஏதாவது ஒரு கிளப்பின் சர்வர் புதிதாக ஒருவர் தலையில் விழுந்திருக்கும். அது நீங்களாக இருந்தால் வாழ்த்துகள். பதவியின் பெயர் 'வெப் கோஆர்டினேட்டர்'. பதவிப் பிரமாணம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்: ஒரு ஐபி முகவரி, ஒரு ரூட் பாஸ்வேர்டு, கீழே ஒரு கட்டைவிரல். அனுப்பிய அண்ணன் அடுத்த மாதம் பெங்களூரில் டிரெய்னிங்கில் இருப்பார். போன் பண்ணினால் எடுப்பார். ஆனால் எந்த ஃபைலை எங்கே வைத்தார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். டெர்மினலின் கருப்புத் திரையைப் பார்த்ததும் கொஞ்சம் உதறல். "ஏதாவது பேனல் போட்டுடலாம்டா" என்று பக்கத்து ரூம் நண்பன் சொல்வான். 'டாப் டென் இலவசக் கண்ட்ரோல் பேனல்' என்று ஒரு வீடியோ. அதில் டேஷ்போர்டு எது பளபளப்பு, டார்க் மோடு எதில் இருக்கு என்று பார்த்து, அவர்கள் தந்த ஒற்றை வரி கமாண்டை காப்பி பண்ணி ரூட்டாக ஓட்டிவிட வேண்டியது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. டீ குடிக்கப் போகலாம்.

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கு. கண்ட்ரோல் பேனல் என்பது ஒரு வெப்சைட். அந்த வெப்சைட்டுக்கு உங்கள் சர்வரின் ரூட் அதிகாரம் இருக்கிறது. டொமைன் சேர்க்க, டேட்டாபேஸ் உருவாக்க, சர்டிபிகேட் புதுப்பிக்க, இமெயில் கணக்கு தொடங்க எல்லாவற்றுக்கும் அதற்கு ரூட் தேவை. அதாவது வீட்டின் மாஸ்டர் சாவியை வாசலில் ஒரு ஆளிடம் கொடுத்து, "யார் பாஸ்வேர்டு சொன்னாலும் திறந்து விடு" என்று உட்கார வைக்கிறீர்கள். அந்த ஆளின் சட்டை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வேலைக்கு எடுப்பீர்களா?

முதலில் 'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கு. கணினித் தமிழ் எழுதுபவர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழை வாசித்தவர்களுக்கு இது பழகிய சொல். இலவசம் என்றால் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான். கட்டற்றது என்றால் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். பிடிக்கவில்லை என்றால் பிரித்து எடுத்துக்கொண்டு தனியாக நடத்தலாம். வீடியோக்களில் வரும் 'ஃப்ரீ' பேனல் பட்டியலில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கிளவுட்பேனல் இலவசம், ஆனால் அதன் மூலநிரல் திறந்ததல்ல. கண்ட்ரோல் வெப் பேனல் என்கிற சிடபிள்யூபியும் அதே கதை. 2022 அக்டோபரில் சிடபிள்யூபியில் ஒரு பெரிய ஓட்டை சத்தமில்லாமல் அடைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற செயல்விளக்கம் வெளியானதும், அப்டேட் பண்ணாமல் இருந்த சர்வர்களைத் தேடித் தேடி அடித்தார்கள்.

கட்டணப் பேனல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோஸ்டிங் உலகில் பல வருடங்களாக சிபேனல்தான் ராஜா. 2018-ல் ஓக்லி கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. அதே கூட்டத்தின் கையில்தான் போட்டிப் பேனலான பிளெஸ்கும் ஏற்கெனவே இருந்தது. 2019 ஜூனில் அறிவிப்பு வந்தது: இனி சர்வருக்கு ஒரே கட்டணம் இல்லை, எத்தனை கணக்கு வைத்திருக்கிறீர்களோ அத்தனைக்குத் தகுந்த கட்டணம். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வாடிக்கையாளர்களை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அடிமடியில் கை வைத்த மாதிரி ஆயிற்று. கட்டற்ற பேனல்கள் பக்கம் பலர் திரும்பிப் பார்த்தது அந்த வருடம்தான்.

அதற்காக 'கட்டற்றது என்றால் ஆபத்தில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில் சென்ட்ஓஎஸ் 8-க்கு நடந்ததைப் பாருங்க. 2029 வரை ஆதரவு என்று நம்பி எல்லாரும் ஏறிய வண்டி, 2021 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்படும் என்று ஒரு அறிவிப்பு. மூலநிரல் திறந்திருந்ததால்தான் ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் என்று மாற்று வண்டிகள் சில மாதங்களிலேயே தயாராயின. கட்டற்ற மென்பொருள் உங்களுக்குத் தருவது இந்த ஒரு உத்தரவாதத்தைத்தான்: கைவிடப்பட்டாலும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. பாதுகாப்பு வேறு விஷயம். அதைத் தனியாகத்தான் பார்க்கணும்.

பார்ப்போம். மூன்று சம்பவங்கள், மூன்றும் கட்டற்ற பேனல்களில் நடந்தவை.

முதலாவது வெஸ்டா. சில வருடங்களுக்கு முன்புவரை மாணவர்களுக்குப் பிடித்த பேனல். எடை குறைவு, பார்க்க அழகு. 2018 ஏப்ரலில் அதன் ஒரு ஓட்டை வழியாக சர்வர்களுக்குள் புகுந்து, அவற்றை வைத்து மற்றவர்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் வெஸ்டா பயன்படுத்தும் 8083 போர்ட்டையே தன் நெட்வொர்க்கில் அடைக்க வேண்டி வந்தது. அது போதாதென்று அதே வருடம் அக்டோபரில் இன்னொன்று வெளியே வந்தது. வெஸ்டாவின் சொந்த சர்வருக்குள்ளேயே யாரோ நுழைந்து, நாம் காப்பி பண்ணி ஓட்டுகிறோமே அந்த இன்ஸ்டால் ஸ்கிரிப்டையே மாற்றி வைத்திருந்தார்கள். நிறுவி முடித்ததும் உங்கள் சர்வரின் டொமைன் பெயரும் அட்மின் பாஸ்வேர்டும் தானாக வெளியே போயின. நீங்கள் பூட்டு வாங்கிய கடையிலேயே சாவியின் நகல் எடுத்து வைத்துக்கொண்ட கதை.

இரண்டாவது வெப்மின். 1997-ல் ஜேமி கேமரூன் எழுத ஆரம்பித்த பழம்பெரும் பேனல், பெர்ல் மொழி. இந்தச் சம்பவத்தைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன், ஏன் என்றால் இதில் பாடம் அதிகம். 2018 ஏப்ரலில் வெப்மினின் மென்பொருளைத் தொகுக்கும் சர்வருக்குள் ஒருவன் நுழைந்தான். பாஸ்வேர்டு மாற்றும் ஃபைல் ஒன்றில் சில வரிகள் சேர்த்தான். ஃபைலின் தேதியைப் பழைய தேதியாகவே திருத்தி வைத்தான். அதனால் கிட்டின் ஒப்பீட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கிட்ஹப்பில் போய்ப் பார்த்தால் மூலநிரல் சுத்தம். டவுன்லோடு செய்கிற பொதியில் மட்டும் விஷம். 1.890 பதிப்பு அப்படித்தான் வெளியானது. ஃபைலைச் சரியான பதிப்புக்கு மாற்றினார்கள், ஜூலையில் அவன் மறுபடி வந்து, இன்னும் மறைவாக மறுபடி நுழைத்தான். செப்டம்பரில் அந்தத் தொகுப்பு சர்வரையே தூக்கிவிட்டுப் புதியது வைத்தார்கள். ஆனால் பழைய ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து அப்படியே புதியதில் போட்டார்கள். விஷமும் சேர்ந்தே குடிபெயர்ந்தது! 2019 ஆகஸ்டில் ஒரு ஆய்வாளர் அதைப் பொதுவெளியில் காட்டும் வரை யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 17 அன்று விஷயம் தெரிந்து 1.930 பதிப்பில் நீக்கினார்கள்.

மூலநிரல் திறந்திருக்கு என்பதும், நீங்கள் ஓட்டுவது அதே மூலநிரல்தான் என்பதும் வேறு வேறு. நம்ம சிலபஸில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில் 'பில்ட்' என்று ஒரு வரி வரும், தேர்வுக்கு முந்தின இரவு தாண்டிப் போவோமே, அந்த வரிக்குள் இருப்பது இதுதான்.

மூன்றாவது சைபர்பேனல், 2024 அக்டோபர். வேர்ட்பிரஸ் வேகமாக ஓடும் என்பதால் புகழ் பெற்றது. அதன் சில பக்கங்களில் 'நீ லாகின் பண்ணியிருக்கியா' என்ற சோதனையே விடுபட்டிருந்தது. ஆபத்தான உள்ளீட்டை வடிகட்டும் பகுதி ஒன்று இருந்தது, ஆனால் அது போஸ்ட் வகைக் கோரிக்கையை மட்டும்தான் சோதித்தது. வேறு வகையில் அனுப்பினால் வாசல் திறந்தே கிடந்தது. கண்டுபிடித்தவர் அக்டோபர் 23 அன்று தெரிவித்தார், அன்று மாலையே கிட்ஹப்பில் திருத்தம் ஏறிவிட்டது. ஆனால் புதிய பதிப்பு என்று எண் போட்டு வெளியிடவில்லை, பயனர்களுக்கு உரக்கச் சொல்லவும் இல்லை. சில நாட்களில் விவரம் பொதுவில் வந்தது, உடனே பிசாக்ஸ் என்ற ரான்சம்வேர் இறங்கியது. இணையத்தில் தெரிந்துகொண்டிருந்த சுமார் 22,000 சைபர்பேனல் சர்வர்கள், ஒரே இரவில் சில நூறாகக் குறைந்தன.

இந்த மூன்றையும் படித்துவிட்டு "அப்ப எதுவுமே வேணாம்" என்று சிலர் சொல்வார்கள். என் நண்பர்களில் பாதிப்பேர் அந்தக் கட்சி. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விபத்தே நடக்காத பேனல் என்று யாராவது காட்டினால், அதை யாரும் கூர்ந்து பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். விபத்துக்குப் பிறகு எழுதிய அறிக்கையைப் படியுங்க. வெப்மின்காரர்கள் எந்த மாதம் என்ன நடந்தது, பேக்கப்பிலிருந்து எப்படித் திரும்பி வந்தது என்று தங்கள் சொதப்பலையும் சேர்த்து வெளியிட்டார்கள். இனி கிட்ஹப்பில் ஏறிய நிரலிலிருந்து மட்டும்தான் தொகுப்போம் என்று முறையையே மாற்றினார்கள். அந்த அறிக்கைதான் எனக்கு டார்க் மோடைவிட முக்கியம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 'கிளப் வெப்சைட்தானே, போனால் போகட்டும்' என்கிற பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கும். நம்ம ஃபெஸ்ட் பதிவுப் படிவத்தை ஒரு தடவை திறந்து பாருங்க. பெயர், போன் நம்பர், கல்லூரி, எந்த வருடம், பெண்கள் விடுதியில் தங்க இடம் வேண்டுமா, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர், கும்பகோணம் என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து வருகிற தங்கச்சிகளின் நம்பர் எல்லாம் அந்த டேட்டாபேஸில் இருக்கு. ஃபெஸ்ட் முடிந்து இரண்டு வருடம் ஆனாலும் யாரும் அழிப்பதில்லை. அழிக்கணும் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. 2023-ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2022 ஏப்ரல் 28 அன்று, செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது: சைபர் சம்பவம் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மாணவர் கிளப்பைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கல்லூரி பெயரில் இருக்கும் டொமைனில் ஒன்று நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் முதல்வர், கூப்பிடப்படுபவர் நீங்கள். அப்போது உங்கள் சர்வரில் 180 நாள் லாக் இருக்குமா? பல சர்வர்களில் நான்கு வாரத்துக்கு மேல் பழைய லாக் தானாக அழிகிற மாதிரிதான் இருக்கும். ஒரு எண்ணை மாற்றினால் போதும், யாரும் மாற்றுவதில்லை.

இன்னொன்று, மாணவர் சர்வருக்கு மட்டுமே உரிய வியாதி. கம்பெனியில் ஒரு அட்மின் ஐந்தாறு வருடம் இருப்பார். நம்மிடம் ஒரு அட்மின் அதிகபட்சம் இரண்டு வருடம், அதிலும் பாதி பிளேஸ்மென்ட் டென்ஷன். ஆகவே பேனலைத் தேர்வு செய்யும்போது உங்களுக்கு எது வசதி என்பதைவிட, இப்போது முதல் வருடம் படிக்கும் தம்பிக்கு எது புரியும் என்று பார்க்கணும்.

இனி ஆட்களைப் பார்ப்போம். ஐஎஸ்பிகான்ஃபிக் வலுவான பேனல், பிஎஸ்டி உரிமம், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும். நீங்கள் திரையில் பட்டனை அழுத்தியதும் எதுவும் நடக்காது. கோரிக்கை தலைமை டேட்டாபேஸில் பதிவாகும். ஒவ்வொரு சர்வரும் நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே போய் 'எனக்கு ஏதாவது உத்தரவு இருக்கா' என்று கேட்டு, இருந்தால் செய்துகொள்ளும். காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நம்மைச் சுற்றித் தமிழ்நாடு, ஆனால் ஃபைல் கையெழுத்தாவது சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். நாலு துண்டுக்கும் ஒரே தலைமை. அந்த வடிவம் நாலு சர்வர் வைத்திருப்பவருக்கு அருமை. ஒரே ஒரு இரண்டு ஜிபி விபிஎஸ் வைத்திருக்கும் கிளப்புக்கு எதற்கு? (ஐஎஸ்பிகான்ஃபிக் ஒரு நிமிடத்தில் செய்துவிடும் என்பது வேறு விஷயம்.)

ஹெஸ்டியா, வெஸ்டாவிலிருந்து பிரிந்து வந்தது. பெயர் வைத்தவர்களுக்கு ரசனை உண்டு: ரோமானியர்களின் அடுப்புத் தெய்வம் வெஸ்டா, கிரேக்கர்களிடம் அதே தெய்வம் ஹெஸ்டியா. ஜிபிஎல் உரிமம். டெபியன், உபுண்டு இரண்டில் மட்டும் ஓடும். சுத்தமான திரை, வேகம், ஒரு ஜிபி நினைவகத்திலும் ஓடும், வைரஸ் ஸ்கேனரும் ஸ்பேம் வடிகட்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால். திரையில் செய்வதையெல்லாம் 'வி' எழுத்தில் தொடங்கும் கமாண்டுகளாகவும் கொடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குறை ஒன்று உண்டு. தளத்தின் கான்ஃபிக் ஃபைலை நீங்கள் கையால் திருத்தினால், அடுத்த முறை பேனல் தன் டெம்ப்ளேட்டிலிருந்து அதை மறுபடி எழுதும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும். திருத்தம் வேண்டுமென்றால் டெம்ப்ளேட் எழுதக் கற்கணும். தெரிந்தவருக்கு அது சாதாரணம். 'நேத்து சரி பண்ணேன், இன்னைக்குப் பழையபடி ஆயிடுச்சு' என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இரண்டாம் வருடப் பையனுக்கு அல்ல.

வெப்மினின் மேல் ஓடும் விர்ச்சுவல்மின் இதற்கு நேர் எதிர். அது தனக்கென்று ஒரு ரகசியப் பதிவேடு வைத்துக்கொண்டு அதிலிருந்து எல்லாவற்றையும் எழுதுவதில்லை. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் கான்ஃபிக் ஃபைலையே படிக்கும், அதையே திருத்தும். நீங்கள் டெர்மினலில் மாற்றியது திரையில் தெரியும், திரையில் மாற்றியது ஃபைலில் தெரியும். படிக்கிற மாணவனுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. பட்டனை அழுத்துங்க, பிறகு அப்பாச்சியின் ஃபைலைத் திறந்து என்ன மாறியது என்று பாருங்க. ஒரு செமஸ்டர் இப்படிச் செய்தால் பேனலே தேவைப்படாது. அசிங்கமான மெனு, ஆயிரம் ஆப்ஷன், எதைத் தொடுவது எதைத் தொடக்கூடாது என்று புரியாத பக்கங்கள், இதெல்லாம் உண்மை. பணம் கட்டினால் கிடைக்கும் புரோ பதிப்பின் விளம்பரமும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். இருக்கட்டும்.

காக்பிட்டைப் பற்றிக் கேட்பீர்கள். ரெட்ஹாட் ஆதரவில் வளரும் அது ஹோஸ்டிங் பேனலே அல்ல, சர்வரின் உடல்நிலையைப் பார்க்கும் கருவி. நீங்கள் இணைக்கும்போது மட்டும் எழுந்து வேலை செய்யும், மற்ற நேரம் தூங்கும். டொமைன், டேட்டாபேஸ் எல்லாம் நீங்களே டெர்மினலில் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் அது போதும். கிளப்புக்கு இருப்பது நாலு பக்கம் எச்டிஎம்எல் மட்டும் என்றால் அதுகூட வேண்டாம். பேனலும் வேண்டாம், சர்வரே வேண்டாம். கிட்ஹப் பேஜஸில் போட்டுவிட்டுப் போய்ப் படிங்க.

ஃபெஸ்ட் பதிவு, கிளப் வலைப்பூ, இந்த இதழ் மாதிரி ஒன்று, இதெல்லாம் சேர்ந்து ஒரு சர்வரில் இருந்தால் என் ஓட்டு விர்ச்சுவல்மினுக்கு. டெபியன் மேல், சிறிய நிறுவல் வகையில். வைரஸ் ஸ்கேனர் தனியாக ஒரு ஜிபி அளவுக்கு நினைவகம் சாப்பிடும், அது வேண்டாம். மெயில் சர்வரும் வேண்டாம். பல கிளவுட் நிறுவனங்கள் புதுக் கணக்குகளுக்கு 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. 2024-க்குப் பிறகு ஜிமெயிலும் அனுப்புபவரை நோண்டி நோண்டிச் சோதிக்கிறது. பதிவு உறுதி மெயிலெல்லாம் ஸ்பேமில் கிடந்து, "அண்ணா மெயில் வரலை" என்று இருநூறு போன் வரும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி அன்று நளன் குளத்தில் இறங்கிய மாதிரி இருக்கும் உங்கள் நிலைமை. மெயிலை அதற்கென்று இருக்கும் சேவையிடம் விட்டுவிடுங்க. ஹெஸ்டியாதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன், டெம்ப்ளேட் எழுதக் கற்றுக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தால்.

எதைப் போட்டாலும் அதன் போர்ட்டை உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். மேலே சொன்ன சம்பவங்களில் இணையத்திலிருந்து பேனலை நேரடியாகத் தாக்கியவை எல்லாம் இந்த ஒரு பழக்கத்தால் தப்பித்திருக்கக் கூடியவை. வெப்மினுக்கு 10000, ஹெஸ்டியாவுக்கு 8083, சைபர்பேனலுக்கு 8090 என்று போர்ட் எண் ஊரறிந்த ரகசியம். ஃபயர்வாலில் அதை அடைத்துவிட்டு, எஸ்எஸ்எச் டனல் வழியாக மட்டும் பேனலுக்குப் போங்க. முதல் நாள் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் அது ஒரு கமாண்டு, அவ்வளவுதான். எஸ்எஸ்எச்சுக்கும் பாஸ்வேர்டு வேண்டாம், சாவி போதும். ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. அண்ணன் கல்லூரியை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் நீக்கினால் போதும், வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டு ஊர்வலம் தேவையில்லை.

டனலுக்கு இன்னொரு பயனும் இருக்கு, அது நம்ம கடற்கரைக்கே உரியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. புயலுக்குப் பின் இந்தப் பக்கம் கரண்ட் எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்க. வடகிழக்குப் பருவமழை, செமஸ்டர் தேர்வு, ஃபெஸ்ட் முன்பதிவு மூன்றும் ஒரே மாதங்களில் வருவது நம்ம தலையெழுத்து. சர்வர் மும்பையிலோ பெங்களூரிலோ சுகமாக இருக்கும். லேப்டாப்பில் சார்ஜ் இல்லாமல், ஒரு கட்டை சிக்னலோடு போனை வைத்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான். கனமான டேஷ்போர்டு அந்த சிக்னலில் திறக்கவே திறக்காது. டெர்மக்ஸில் எஸ்எஸ்எச் திறக்கும். பேனல் இல்லாமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய, தளத்தை நிறுத்த, பேக்கப் எடுக்க அந்த மூன்று நாலு கமாண்டாவது கைக்குப் பழகியிருக்கணும். சில பேர் 'எதுக்கு வெளியூர் சர்வர், நம்ம லேபிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துவிடலாமே' என்பார்கள். உப்புக்காற்றும் யூபிஎஸ் பேட்டரியும் பதில் சொல்லட்டும்.

பேக்கப் விஷயத்தில் ஒன்றே ஒன்று. எல்லாப் பேனலும் பேக்கப் எடுக்கும். எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? புதிதாக ஒரு மலிவு விபிஎஸ் ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, பேக்கப்பை அதில் விரித்து, தளம் எழுகிறதா பார்த்துவிட்டு அழித்துவிடுங்க. ஒரு டீ காசு கூட ஆகாது. பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அதற்குப் பேக்கப் என்று பெயரில்லை. பிசாக்ஸ் மாதிரி ஒன்று வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டிவிட்டுப் போகும்.

சர்டிபிகேட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய சீனியர்கள் சொல்லித் தந்தது இப்போது செல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் வழக்கமான சர்டிபிகேட் 90 நாளில் காலாவதியாகும், பேனல் தானாகப் புதுப்பிக்கும். புதுப்பிக்காமல் போனால் முன்பெல்லாம் அவர்களே மெயில் அனுப்பி எச்சரிப்பார்கள். 2025 ஜூனோடு அந்த மெயிலை நிறுத்திவிட்டார்கள். இனி உங்கள் தளத்தில் 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பில் வரும்போதுதான் தெரியும், அதுவும் பதிவுக்குக் கடைசி நாளில்தான் வரும். காலண்டரில் நீங்களே ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்க.

சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம்.

இப்போதைக்கு ஒரு சின்ன வேலை. கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், உங்கள் கிளப் டொமைனுக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் உங்கள் பேனலின் போர்ட் எண்ணும் போட்டுத் திறந்து பாருங்க. லாகின் பக்கம் வந்தால், அது உங்களுக்கு மட்டும் வரவில்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அந்த போர்ட்டை அடைச்சிடுங்க.